சிறிய டீசல் இயந்திரமும் அதன் மூச்சும்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் மலைப்பாதையை அறியாத குடும்பங்கள் இந்நாட்டில் அரிது. கம்பளையைக் கடந்து, புசல்லாவையின் தேயிலைச் சரிவுகளைச் சுற்றி, இறம்பொடை அருவியின் ஓசை காதில் விழும் இடத்தை அடையும்போது பாதை வளைந்து வளைந்து மேலேறுகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலை விடுமுறையின்போது, நாமும் உறவினர் சிலருமாக வாடகை வான் ஒன்றில் இப்பாதையிற் பயணஞ் செய்தோம். அது சிறியதொரு டீசல் இயந்திரம் பூட்டிய பழைய வண்டி. உரிமையாளரான இளைஞரே அதன் சாரதி.

"ஐயா, போன முறைபோல இந்த ஏற்றத்தில் வண்டி ஊராது. கராஜில் கொடுத்துப் பவர் கூட்டிவிட்டேன்" என்று புறப்படும்போதே அவர் பெருமையுடன் கூறினார்.

கம்பளை வரையில் அவர் சொல் மெய்யாகவே இருந்தது. வண்டி துள்ளி ஓடிற்று. புசல்லாவைக்கு மேலே ஏறத் தொடங்கியதும் பின்னிருக்கையிலிருந்த சிறுவர்கள், "பின்னால் ஒன்றுமே தெரியவில்லை!" என்று கூவினார்கள். திரும்பிப் பார்த்தோம். எமக்குப் பின்னால் வந்த வண்டிகளை மறைக்குமளவுக்குக் கரும்புகை திரண்டு நின்றது. சிறிது நேரத்தில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பின்னர் ஆவி சீறிற்று, வண்டி நின்றது. இயந்திரத்தின் மேன்மூடியாகிய சிலிண்டர்த் தலை பிளந்துவிட்டதென்பதை அடுத்த நாள் அறிந்தோம்.

அந்த வான் ஒரு குடும்பத்தின் சோறு. பிள்ளைகள் இருவரின் படிப்பும், வண்டி வாங்கிய கடனின் மாதத் தவணையும் அதன் சக்கரங்களையே நம்பியிருந்தன. பல வாரங்கள் அது ஓடவில்லை. அதனைக் கழற்றிப் பார்த்த முதிய மெக்கானிக் ஒருவர், இளைஞரை நிமிர்ந்து நோக்கி ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, நீர் இயந்திரத்துக்குச் சோற்றை அள்ளிப் போட்டீர், மூச்சு விட வழி வைக்கவில்லை."

சிறிய டீசல் இயந்திரத்திலிருந்து பெரிய வலுவைப் பெற முயன்ற மனிதரின் நூறாண்டு வரலாறு இவ்வொரு வாக்கியத்துள் அடங்கியிருக்கின்றது. அதனைச் சற்றே விரித்துக் கூற விரும்புகின்றோம். வாகனம் வைத்திருப்போருக்கும், இயந்திரங்களில் ஆர்வமுள்ள மாணவ நேயர்களுக்கும் இது பயன்படலாம்.

தீப்பொறி இல்லாத நெருப்பு

பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளும் வளியும் கலந்து, மின்பொறி ஒன்றினால் தீப்பற்றுகின்றன. டீசல் இயந்திரத்தில் அத்தகைய பொறி இல்லை. அது முதலில் வளியை மாத்திரம் உள்ளிழுத்து, இருபது மடங்குக்கு அண்மையாக நெருக்குகின்றது. துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பியின் அடிப்பாகம் சுடுவதை மாணவர்கள் தொட்டறிந்திருப்பார்கள். வளியை நெருக்கினால் அது சூடேறும். சிலிண்டரின் உள்ளே அச்சூடு 500 பாகை செல்சியசுக்கும் மேற்செல்கின்றது. அவ்வேளையில் உயர்ந்த அமுக்கத்துடன் பீச்சப்படும் டீசல் தானே பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது.

இன்னுமொரு வேறுபாடு உண்டு. பெற்றோல் வண்டியில் சாரதியின் கால் இயந்திரத்துக்குச் செல்லும் வளியைக் கட்டுப்படுத்துகின்றது. பழைய டீசல் வண்டியிலோ அவர் கால் எரிபொருளை மாத்திரமே கூட்டிக் குறைக்கின்றது. வளி தன் போக்கில் ஒரே அளவாக உட்செல்லும். எனவே, "இந்த வளிக்கு இதற்கு மேல் எரிபொருள் ஆகாது" என்றொரு எல்லையை யாராவது விதித்தாக வேண்டும். அந்த எல்லையே எரிபொருட் பம்பியிலுள்ள ஒரு சிறு திருகாணி. தொழிற்சாலையினர் அதனைச் சரிபார்த்து, ஒருவரும் தொடாதவாறு முத்திரையிட்டு அனுப்புவது வழக்கம். எமது சாரதியின் வண்டியில் அம்முத்திரையை உடைத்துத் திருகாணியைத் திருப்பிவிட்டிருந்தார்கள். "பவர் கூட்டுதல்" என்பது அவ்வளவே.

ஒரு லீற்றருக்கு ஓர் அறை

ஒரு கிலோகிராம் டீசல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.5 கிலோகிராம் வளி வேண்டும். ஒரு லீற்றர் டீசலென்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழப் பத்துக் கன மீற்றர் வளி தேவை. அது இரண்டு மீற்றர் நீளமும், இரண்டு மீற்றர் அகலமும், இரண்டரை மீற்றர் உயரமுங் கொண்ட சிறிய அறையொன்றில் அடங்கும் வளியாகும். நாம் தாங்கியில் ஊற்றும் ஒவ்வொரு லீற்றருக்கும் இயந்திரம் ஓர் அறை வளியை விழுங்கியாக வேண்டும்.

ஒன்றரை லீற்றர் கொள்ளளவுள்ள இயந்திரமொன்று நிமிடத்துக்கு 5,000 முறை சுழல்கின்றதென வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒரு தடவையே வளியை இழுக்கின்றது. ஆகவே அது மிகச் சிறப்பாக மூச்சிழுத்தாலும் நிமிடத்துக்கு 3,750 லீற்றர் வளிதான் கிடைக்கும். அதன் நிறை நாலரை கிலோகிராம். அவ்வளியில் எரியக்கூடிய டீசல் ஏறத்தாழ 300 கிராம். நடைமுறையில் இவ்வளவும் எரிவதில்லை. பீச்சப்பட்ட துளிகளெல்லாம் தத்தமக்கு வேண்டிய ஒட்சிசனைத் தேடிக்கொள்ள நேரம் போதாது. இந்த எல்லைக்கு மேல் ஊற்றப்படும் எரிபொருள் கரியாகிக் கரும்புகையாய் வெளியேறும். எரியும் பகுதியும் பிந்தி எரிவதால், பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாகச் சிலிண்டர்த் தலையையும் வெளியேற்று வால்வையும் சுட்டெடுக்கும்.

மலைநாட்டில் இத்துன்பம் இரட்டிப்பாகும். ஏற ஏறக் காற்று மெலிகின்றது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கொழும்பிலுள்ளதிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. மேலே செல்லச் செல்ல மூச்சு ஒடுங்குகின்றது. திருகாணியோ கீழே வைத்தபடியே இருந்து எரிபொருளை அள்ளி ஊற்றுகின்றது. எமது வான் பட்ட பாட்டுக்கு இதுவே காரணம்.

ஐம்பதிலிருந்து நூற்றைம்பது

அவ்வாறாயின் சிறிய டீசல் இயந்திரத்தில் வலுவைக் கூட்டவே முடியாதா? முடியும். அதற்கு உலகமறிந்த சான்று ஜேர்மனியிலுண்டு.

ருடோல்ப் டீசல் என்ற பொறியியலாளர் ஒக்ஸ்பேர்க் நகரில் 1897ஆம் ஆண்டு வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரம் ஆளுயரத்துக்கு மேல் ஓங்கி நின்றது. அதன் வலு ஏறத்தாழ 20 குதிரைவலு. எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்தை அது வேலையாக மாற்றிற்று; அக்காலத்து நீராவி இயந்திரங்களுக்கு அது எட்டாத கனி. எனினும் அத்தகைய இரும்பு மலையை மோட்டார் வண்டிக்குள் அடக்க நெடுங்காலஞ் சென்றது. 1936ஆம் ஆண்டு மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் வெளியிட்ட 260 டி என்னும் கார், இரண்டரை லீற்றர் இயந்திரத்திலிருந்து 45 குதிரைவலுவைப் பெற்றது. அதனை வாடகைக் கார்க்காரரே பெரிதும் விரும்பினர். சிக்கனம் என்றால் டீசல்; வேகம் என்றால் பெற்றோல் என்பதே அன்றைய கணக்கு.

1976ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் நிறுவனம் தனது கோல்ப் என்னும் சிறிய காருக்கு டீசல் இயந்திரமொன்றைப் பூட்டிற்று. அதன் கொள்ளளவு 1,471 கன சென்ரிமீற்றர். வலு 50 குதிரைவலு. அதனைப் பெறுவதற்கு இயந்திரம் நிமிடத்துக்கு 5,000 முறை சுழல வேண்டியிருந்தது. ஏறத்தாழ 2000ஆம் ஆண்டளவில் அதே குடும்பத்து இயந்திரம் 1,896 கன சென்ரிமீற்றர் கொள்ளளவில் 150 குதிரைவலுவைத் தந்தது. சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரம் 88 மில்லிமீற்றராக அப்படியே இருந்தது. கொள்ளளவு ஏறத்தாழ 29 சதவீதமே கூடிற்று. வலுவோ மூன்று மடங்காயிற்று.

இதிலுள்ள வியப்பை நேயர்கள் கவனிக்க வேண்டும். 150 குதிரைவலுவைப் பெற அவ்வியந்திரம் சுழன்றது நிமிடத்துக்கு 4,000 முறையே. அதாவது, மூன்று மடங்கு வேலையைத் தன் முன்னோனிலும் மெதுவாகச் சுழன்று செய்தது. ஓட்டத்தை விரைவாக்கி வலுவைப் பெறுவது பெற்றோல் இயந்திரத்தின் வழி. டீசல் இயந்திரத்தில் துளிகள் கலந்து எரியச் சற்று அவகாசம் வேண்டும். விரட்டினால் அது எரிந்து முடியாது. ஆகவே பொறியியலாளர்கள் சுழற்சியை விட்டுவிட்டு, ஒவ்வொரு சுழற்சியிலும் கிடைக்கும் தள்ளுவிசையைப் பெருக்கினார்கள். அதற்கு அவர்கள் கையாண்ட வழிகள் மூன்று.

வீணாகும் புகையே விசிறி

முதலாவது வழி, இயந்திரத்தின் மூச்சைப் பெருக்குதல். இயந்திரத்திலிருந்து வெளியேறும் புகை சூடும் விரைவுங் கொண்டது. அதன் வழியில் சிறியதொரு சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அச்சக்கரத்தின் அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பூட்டினால், அது வெளிக்காற்றை நெருக்கிச் சிலிண்டருக்குள் திணிக்கும். இதுவே டர்போ எனப்படும் கருவி. உள்ளங்கையில் அடங்கும் இச்சக்கரங்கள் நிமிடத்துக்கு ஓர் இலட்சம் முறைக்கு மேலும் சுழல்கின்றன.

இவ்வெண்ணத்துக்குரியவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரெட் பியூஹி. அவர் 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் ஜேர்மன் கப்பல்கள் இரண்டில் இம்முறையைப் புகுத்தியபோது, 1,750 குதிரைவலுத் தந்த டீசல் இயந்திரம் 2,500 குதிரைவலுத் தந்தது. கப்பலுக்குப் பொருந்திய இக்கருவி சிறிய காருக்கு வந்துசேர மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1982ஆம் ஆண்டு டர்போ பூட்டிய கோல்ப் டீசல் 1.6 லீற்றரில் 70 குதிரைவலுத் தந்தது. டர்போ இல்லாத அதே கொள்ளளவு இயந்திரம் தந்தது 54.

இரண்டாவது வழி, அந்த மூச்சைக் குளிர்வித்தல். நெருக்கிய வளி சூடேறுமென்று முன்னரே கூறினோம். சூடான வளி விரிந்து இடத்தை அடைக்கும், நிறை குறையும். 120 பாகையிலிருக்கும் வளியை 60 பாகைக்குக் குளிர்வித்தால், அதே அமுக்கத்தில் ஆறிலொரு பங்குக்கு மேலான வளியைக் கூடுதலாக அடக்கலாம். இதற்கென வண்டியின் முன்புறம் நீர்த் தண்ணளிப்பியைப் போன்ற இன்னொரு தட்டு வைக்கப்படுகின்றது. அதன் குழாய்களினூடு செல்வது நீரன்று, வளி. இவ்வேற்பாட்டினால் 1989ஆம் ஆண்டளவில் அதே 1.6 லீற்றர் இயந்திரம் 80 குதிரைவலுவைத் தொட்டது.

கடைசித் துளியும் எரிய

மூன்றாவது வழி, கிடைத்த வளியை வீணாக்காது எரித்தல். பழைய சிறிய டீசல் இயந்திரங்களில் எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுவதில்லை. அருகிலுள்ள சிற்றறையொன்றில் பீச்சப்பட்டு, அங்கு தீப்பற்றிப் பின்னரே சிலிண்டருக்குள் பரவும். இது ஓசையைக் குறைத்தது. எனினும் அச்சிற்றறையின் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சின. டீசலை நேரே பிஸ்டனின் தலைமேற் பீச்சினால் அவ்விழப்பு இல்லை. ஆனால் துளிகள் மிக நுண்ணியனவாக இருக்க வேண்டும். அதற்கு மிக உயர்ந்த அமுக்கம் வேண்டும். 1993ஆம் ஆண்டு கோல்ப் காருக்கு வந்த 1.9 லீற்றர் இயந்திரம் இம்முறையைப் பின்பற்றி 90 குதிரைவலுவைத் தந்தது. முன்னைய 1.6 லீற்றர் இயந்திரத்திலும் அது மிகக் குறைவாகவே எரிபொருள் குடித்தது.

அதன்பின் டர்போவின் சக்கரத்தைச் சூழ அசையும் சிறு தகடுகள் வந்தன. மெதுவாகச் செல்லும்போது அத்தகடுகள் ஒடுங்கிப் புகையை விரைவாகச் செலுத்தும். விரைந்து செல்லும்போது அகன்று வழிவிடும். இதனால் 110 குதிரைவலு கிடைத்தது. இறுதியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே ஒரு பம்பி அமைத்து, வளிமண்டல அமுக்கத்தைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கும் மேலான அமுக்கத்தில் எரிபொருளைப் பீச்சினார்கள். 150 குதிரைவலுவை எட்டியது இவ்வாறே.

இவ்வரிசையை மீண்டும் ஒருமுறை நோக்குக. ஒவ்வொரு படியிலும் முதலில் வளி வந்தது. எரிபொருள் அதன் பின்னாலேயே வந்தது. வளி வருமுன் எரிபொருளைக் கூட்டிய படி ஒன்றேனும் இல்லை.

இலவசமாகக் கிடைப்பதில்லை

வலுவைக் கூட்டியவர்கள் அதற்குரிய விலையையும் கொடுத்தார்கள். பிஸ்டனின் அடிப்புறத்தில் எண்ணெயைப் பீச்சிக் குளிர்விக்கும் குழல்கள், வெப்பந் தாங்கும் உலோகங்கள், பெரிய கிளச்சு, உறுதியான கியர்ப் பெட்டி, வலிய பிரேக்கு ஆகியன யாவும் கூடவே வந்தன. டர்போவையோ திருகாணியையோ மாத்திரம் மாற்றி, ஏனையவற்றை அப்படியே விடுவது, ஒரு தட்டு வீட்டின் அத்திவாரத்தில் மூன்று தட்டு எழுப்புவது போலாகும்.

விலையை மறைக்க முயன்றதன் விளைவையும் உலகம் கண்டது. மிகுந்த சூட்டில் எரியும்போது வளியிலுள்ள நைதரசன் ஒட்சிசனுடன் சேர்ந்து நுரையீரலுக்குத் தீங்கான வாயுக்களை உண்டாக்கும். அவற்றை அடக்கினால் செலவு கூடும். வண்டியின் சிக்கனமும் குறையக்கூடும். 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில், அதே வொக்ஸ்வாகன் நிறுவனம் பரிசோதனை வேளையில் மட்டும் புகையைச் சுத்தமாகக் காட்டும் கணினிக் கட்டளைகளை வண்டிகளுக்குள் பொருத்தியிருந்தமை அமெரிக்காவில் வெளிப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வண்டிகள் அதில் அடங்கின. இயந்திரக் கலையில் உச்சியைத் தொட்டவர்களும் கணக்கை மறைத்தபோது தலைகுனிய நேர்ந்தது.

கரும்புகையும் அற்பமானதன்று. டீசற் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012ஆம் ஆண்டில் வகைப்படுத்திற்று. இலங்கையிலும் 2008ஆம் ஆண்டு வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கப்பட்டது. எமது வானின் பின்னால் மலைப்பாதையில் நடந்து சென்ற தோட்டத்துப் பிள்ளைகள் அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியதை நாம் மறக்கவில்லை. ஒருவர் பெறும் வேகத்துக்கு இன்னொருவர் மூச்சு விலையாவது முறையன்று.

நாம் செய்யக்கூடியது

வண்டியின் வலு குறைந்துவிட்டதென்று வருந்துவோர், புதிய வலுவைத் தேடுமுன் இழந்த வலுவை மீட்கலாம். வளிவடி அடைத்திருந்தால் மூச்சு முட்டும். முதலில் அதனைப் பார்க்க. எரிபொருள் பீச்சும் முனைகள் தேய்ந்திருந்தால் டீசல் தூவாது ஒழுகும். அவற்றைப் பரிசோதிக்கும் கருவியுள்ள இடத்தில் கொடுத்துச் சரிபார்க்க. பீச்சும் நேரமும் வால்வு இடைவெளியும் உரிய அளவில் இருக்கின்றனவா என நோக்குக. டர்போ உள்ள வண்டியாயின், வளியைக் கொண்டுசெல்லும் இறப்பர்க் குழாய்களில் வெடிப்பு இருப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். ரயர்களில் காற்றுக் குறைந்தாலும், வண்டியில் வீண்பாரம் ஏற்றினாலும் குற்றம் இயந்திரத்தின்மேல் விழும்.

புதிய வண்டிகளில் திருகாணி இல்லை. கணினியே எரிபொருளின் அளவை நிருணயிக்கின்றது. அதன் கட்டளைகளை மாற்றி வலுவைக் கூட்டித் தருவோர் இன்று உண்டு. டர்போ பூட்டிய இயந்திரத்தில் எரிபொருளோடு வளியையும் கூட்டலாமாதலின், திறமையுடையோர் செய்தால் வலு கூடுவது மெய்யே. ஆயினும் அவர்கள் எடுத்துக் கொடுப்பது புதிதாய் உண்டாக்கியதன்று. கடும் வெயிலுக்கும், உயர்ந்த மலைக்கும், தரங்குறைந்த எரிபொருளுக்கும், கவனிப்பாரற்ற நாட்களுக்குமென்று தொழிற்சாலை ஒதுக்கி வைத்த சேமிப்பே அது. சேமிப்பை எடுத்துச் செலவிடுவோர், எடுத்ததை அறிந்து எடுத்தல் நன்று.

அந்த இளைஞரை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். அதே வான், திருத்திய இயந்திரம். பம்பியின் திருகாணி பழைய இடத்துக்கே வந்திருந்தது. இம்முறையும் நுவரெலியாவுக்கே அவருடன் சென்றோம். இறம்பொடை ஏற்றத்தில் வண்டி இரண்டாவது கியரில் மெல்ல ஏறிற்று. எமக்குப் பின்னால் வந்த பேருந்தொன்று முந்திச் சென்றது. அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஒருகால் கண்ணாடியில் பின்புறத்தை நோக்கினார். பாதை தெளிவாக இருந்தது. "மூச்சு சரியாக இருக்கிறது, ஐயா" என்றார்.